சாமந்தி தண்ணீரில் இறங்கியது

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். தரையிலிருந்து பன்னிரண்டு மாடி உயரம் இருக்கும், அதில் ஒரு சின்ன கேபின், காலுக்குக் கீழே கண்ணாடி, தனியாக உட்கார்ந்து கன்டெய்னர் தூக்கி வைக்கிற வேலை. அந்த கேபினில் பின்னால் யாரோ நின்று மூச்சு விடுகிறார்கள் என்று சொல்லி இரண்டு பேர் வேறு கிரேனுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அதே சீட்டில் நான் நாலு வருஷமாக உட்கார்கிறேன். அது ஏசியின் சத்தம். அவர்களிடமும் அதைத்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, கேட்கிற இடத்தில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு நெல் விவசாயம். கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி. குதிரைப் பிரிவில் சேர்ந்து சவாரி கற்றுக்கொண்டேன், அந்தப் பைத்தியம் வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்துபோன ஒரு பெண் குதிரையை வாங்கி வீட்டு மாட்டுக்கொட்டகையிலேயே கட்டினேன். செம்பட்டை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. சாமந்தி என்று பெயர் வைத்தேன். நைனா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாவது நாள் அவரே அதற்குப் புல் அறுத்துப் போட்டார்.

ஈவென்டிங் என்று ஒரு போட்டி இருக்கிறது. மூன்று சுற்று. முதலில் மைதானத்தில் அடக்கமாக நடந்தும் ஓடியும் காட்ட வேண்டும், அடுத்தது தோப்பும் மேடுமாக இருக்கிற பாதையில் மரக்கட்டை, பள்ளம், குட்டை எல்லாம் தாண்டி ஓட வேண்டும், கடைசியில் கம்புகளைத் தட்டிவிடாமல் தாண்ட வேண்டும். என்னைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கென்று அதில் தனிப் பிரிவு உண்டு. சாமந்தி எதையும் தாண்டும், சுவர் மாதிரி கட்டை வைத்தாலும் காதை முன்னால் நீட்டிக்கொண்டு தாண்டும், தண்ணீர் மட்டும் ஆகாது. போன சீசனில் இரண்டு போட்டியிலும் குட்டையின் ஓரத்தில் வந்து நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி மறுபடி மறுத்தால் வெளியேற்றிவிடுவார்கள். இரண்டாவது போட்டியில் அது நின்றது, நான் நிற்கவில்லை, தலைக்கு மேலாகப் போய்க் குட்டையில் விழுந்து கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டேன்.

புது சீசன் டிசம்பரில் ஆரம்பம். செப்டம்பர் மாதம் முழுக்க சாமந்தியைப் பழவேற்காட்டு ஏரியில் வைத்துப் பழக்குவது என்று முடிவு செய்தேன். கரையை ஒட்டியே முழங்கால் ஆழத்தில் ரொம்ப தூரம் நடக்கலாம், உப்புத் தண்ணீர் குதிரையின் கால் நரம்புக்கும் நல்லது. எனக்கு மத்தியான ஷிஃப்ட், காலை முழுக்க என் கையில்.

ஏரிக்கரையில் இருக்கிற மீனவ ஊர் கோட்டைக்குப்பத்தில் குதிரை கட்ட இடம் கேட்டு அலைந்தபோது யாரும் முகம் கொடுக்கவில்லை. நான் போர்ட்டில் வேலை செய்கிறவன் என்று தெரிந்ததும் பாதிப் பேர் எழுந்தே போய்விட்டார்கள். துறைமுகம் வந்து மீன் போய்விட்டது என்று அவர்களுக்குக் கோபம். கடைசியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வலைக்கொட்டகை காலியாக இருக்கிறது என்று ஒரு அம்மா கூப்பிட்டார். நாகம்மா. ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு.

"வலையும் இல்ல, போட்டும் இல்ல, கொட்டாய் சும்மாதான் கீது. கட்டிக்கோ தம்பி" என்றார்.

ஏன் வலையும் படகும் இல்லை என்பதை இரண்டு நாள் கழித்து அவருடைய கொழுந்தன் மூர்த்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாகம்மாவின் கணவர் எல்லப்பன் போன வருஷம் கார்த்திகை மழையில், விடியற்காலை தனியாகப் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போனவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அன்றைக்கு முகத்துவாரத்தில் வெள்ளம் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்ததால் கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லி, பத்து நாள் கடலில்தான் தேடியிருக்கிறார்கள்.

"காரியத்த முடிச்சிடலாம்னு நாங்க சொல்றோம். அண்ணி ஒத்துக்க மாட்டேன்றாங்கோ" என்றான் மூர்த்தி.

பொம்மை செய்து வைத்துக் காரியம் பண்ணலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து சொன்னபோது, "பொணத்தக் காட்டு, அப்பறம் பொட்ட அழிக்கறேன்" என்றாராம் நாகம்மா. அதிலிருந்து நல்ல காரியத்துக்கும் அவரைக் கூப்பிடுவதில்லை, துக்கத்துக்கும் என்ன முறையில் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சுமங்கலியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. பத்து மாதமாக அப்படியே இருந்தார்.

முதல் நாலு நாள் சாமந்தி தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. கரையில் ஈர மணல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்று நடுங்கும். நான் இறங்கி முன்னால் நடந்து இழுத்துப் பார்த்தேன், கேழ்வரகு உருண்டையை நீட்டிப் பார்த்தேன், வால் பக்கம் தண்ணீர் வருகிற மாதிரி திருப்பி நிறுத்திப் பார்த்தேன். வலை இழுக்கிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஐந்தாவது நாள் காலை ஆறு மணி இருக்கும். ஏரி மேல் லேசாகப் புகை மாதிரி மூட்டம். சாமந்தி வழக்கம்போல ஈர மணலில் நின்றுவிட்டது. அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். கரையிலிருந்து நூறு நூற்றைம்பது அடி இருக்கும், இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். மேலுக்குச் சட்டை இல்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. வலையோ கூடையோ கையில் ஒன்றும் இல்லை. ஊன்று வலைக்குக் கழி நடுகிற ஆள் என்று நினைத்தேன், அங்கே தள்ளி ஒரு பழைய பனங்கழி தனியாக நின்றிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

அவர் வலது கையைத் தண்ணீர் மட்டத்துக்கு நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டு, நாக்கால் இரண்டு தரம் சொடுக்கினார். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அது கேட்டது. எப்படிக் கேட்டது என்று அப்போது யோசிக்கவில்லை.

சாமந்தி காதைத் திருப்பியது. தலையைத் தாழ்த்தி மூக்கை விரித்து மோந்து பார்த்தது. பிறகு இறங்கியது. நான் காலால் ஒன்றும் சொல்லவில்லை, லகானைக்கூடத் தொடவில்லை. குளம்பு நனைந்தது, முழங்கால் நனைந்தது, என் கால் நனைகிற ஆழம் வரைக்கும் போய் நின்றுகொண்டு அவரையே பார்த்தது. அவர் கையைக் கீழே விட்டார். நான் சந்தோஷத்தில் சாமந்தியின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று பார்த்தபோது ஆளைக் காணோம். மூட்டத்தில் நடந்து போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளும் நின்றார். அதற்கடுத்த நாளும். அதே இடம், அதே இடுப்பளவு. பக்கத்தில் வரமாட்டார், பேசமாட்டார். ஒரு தடவை "அண்ணே, கரைக்கு வாங்க, டீ சாப்பிடலாம்" என்று கத்தினேன், காது கேட்காதவர் மாதிரி குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏன் மேற்கொண்டு விசாரிக்கவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் சாமந்தி வயிறு நனைகிற ஆழத்தில் கால் மணி நேரம் நடந்தது, துள்ளி ஓடியது, தண்ணீர் தெறிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு விளையாடியது. ஒரு வருஷம் நான் செய்ய முடியாததை யாரோ ஒருவர் கையை நீட்டிச் செய்துவிட்டார். அவர் யார் என்று கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

ஒரு நாள் சாமந்திக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். நாகம்மா கொட்டகை ஓரமாக உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, குதிர தண்ணில எறங்கிடுச்சாமே" என்றார்.

"நான் எங்க அக்கா எறக்கினேன், உங்க ஊர் ஆள் ஒருத்தர்தான் பழக்கினார்" என்று அவரைப் பற்றிச் சொன்னேன். பெயர் தெரியாததால் அடையாளம் சொன்னேன், சட்டை போடாமல், உயரமாக, இடது தோள் இறங்கி.

நாகம்மாவின் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து இறாலைக் கிள்ளிப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எந்தத் தோளு சொன்ன?"

"இடது தோள்."

"எங்க நிக்கறாரு, காட்டு."

கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். கரையில் நின்று பனங்கழியைக் காட்டினேன்.

"கழிக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அந்தாண்ட."

"எவ்ளோ தண்ணில?"

இடுப்பளவு என்று சொன்னேன். நாகம்மா கழியைக் கையால் காட்டினார்.

"அந்தாண்ட போட் போற பள்ளம் தம்பி. ரெண்டு ஆள் ஆழம். அங்க எவனும் நிக்க முடியாது."

எனக்குத் தூரம் சரியாகத் தெரிந்திருக்காது, மூட்டமாக இருந்தது, தோள் இறங்கின ஆட்கள் கடல் வேலை செய்கிற ஊரில் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்வதுபோல, "அவுருக்கு ஆட்டுக்குட்டி கிட்ட வந்தாலே ஆவாதே. குதிரைய எப்டிக் கூப்புடுவாரு" என்றார்.

மறுநாள் காலை நாகம்மா மூர்த்தியையும் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார். சாமந்தி ஈர மணலைத் தாண்டியதும் காதை நீட்டியது. நிமிர்ந்து பார்த்தேன், அவர் நின்றுகொண்டிருந்தார், அன்றைக்கு மூட்டம்கூட இல்லை, நல்ல வெளிச்சம். முகத்தைத் தவிர எல்லாம் தெரிந்தது. முகம் எப்போதும் குதிரைப் பக்கம் குனிந்திருக்கும்.

"அதோ நிக்கறார் பாருங்க" என்றேன்.

நாகம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். மூர்த்தியும் பார்த்தான். தண்ணீர்தான் தெரிகிறது என்றான்.

"அந்தக் கழிக்குப் பின்னால, கைய நீட்டிட்டு."

மூர்த்தி என் பக்கம் வந்தான். கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "எங்க அண்ணி ஒரு வருசமா தூங்காம கெடக்கறாங்கோ. நீ வந்து கத வுட்டுக்கினு கீற. நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள குதிரைய இட்டுக்கினு போயிடு சார்."

போய்விடுகிறேன் என்று சொன்னேன். எனக்கே பயமாகத்தான் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை என்பதும் எனக்குத் தெரியும், வருஷா வருஷம் கிரேன் வேலைக்குக் கண் சோதனை செய்கிறார்கள்.

நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நாகம்மா பைக் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கு ஒரே ஒரு தபா, அந்தாளு நிக்கற எடம் வரிக்கும் போயேன் தம்பி. பின்னாடியே மூர்த்தி போட்ட இட்டுக்கினு வரச் சொல்றேன். நானும் வரேன்."

ஆழத்தில் குதிரைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தேன். அவர் கெஞ்சவில்லை, பதிலுக்காக நின்றார், அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டேன்.

கடைசி நாள். சேணம் போடவில்லை, நனைந்தால் பாரம். வெறும் முதுகில் உட்கார்ந்தேன், துறைமுகத்தில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். மூர்த்தி படகில் எஞ்சினைப் போடாமல் கழி ஊன்றி வந்தான், நாகம்மா முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். காற்றே இல்லை.

அவர் நின்றிருந்தார். கையை நீட்டினார். அந்தச் சொடுக்கு இரண்டு தரம் கேட்டது. படகில் இருந்தவர்களுக்குக் கேட்டதா என்று பிறகு கேட்டேன், இல்லை என்றார்கள். ஆனால் குதிரையின் காது இரண்டும் ஒன்றாகத் திரும்பியதை மூர்த்தியே பார்த்ததாகச் சொன்னான்.

வழக்கமாக நிற்கிற ஆழத்தில் சாமந்தி நிற்கவில்லை. பனங்கழியைத் தாண்டியது. என் தொடை நனைந்தது, இடுப்பு நனைந்தது, திடீரென்று அடியில் தரை இல்லை, குதிரையின் முதுகு என் கீழிருந்து நழுவியது. பிடரியைப் பிடித்துக்கொண்டேன். சாமந்தி நீந்தியது, தலையை மேலே தூக்கி மூக்கால் உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு நேராக அவரைப் பார்த்து நீந்தியது. எனக்கு முன்னால் இருபது அடியில் அவர். பத்து அடியில் அவர். முதுகில் உப்புக் காய்ந்த தடம்கூடத் தெரிந்தது. தண்ணீர் என் கண்ணில் அடித்தது, துடைத்தேன், நம்பினால் நம்புங்கள், அந்த ஒரு துடைப்புக்குள் அவர் இல்லை. தண்ணீர் அலுங்கவில்லை.

அடுத்த நிமிஷம் சாமந்தியின் கால் எதிலோ இடித்தது. இடறிச் சமாளித்து ஏறி நின்றது. நடுப் பள்ளத்தில், படகுகள் எஞ்சினை முடுக்கிக்கொண்டு போகிற வழியில், என் குதிரை மார்பளவு தண்ணீரில் நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. நடுங்கியது, ஆனால் நகரவில்லை.

மூர்த்தி படகைப் பக்கத்தில் கொண்டுவந்தான். குதிரைக்கு ஆறடி தள்ளிக் கழியை இறக்கினான், கழி முழுக்க உள்ளே போனது. குதிரையின் வயிற்றுக்குப் பக்கத்தில் இறக்கினான், நின்றது. டொக்கென்று சத்தம் வந்தது. மணல் அப்படிச் சத்தம் போடாது.

"அண்ணி, கீழ இன்னாவோ கீது" என்றான். குரல் மாறிவிட்டது.

நாகம்மா குனிந்தார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். கலங்கல் தண்ணீர், ஒரு முழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

மூர்த்தி சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தான். இரண்டாவது முறை மேலே வந்தபோது, படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, நாகம்மாவின் முகத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னான். "எங்க அண்ணன் போட்டுதான்."

படகு ஒருக்களித்துப் புதைந்திருந்தது. அதைச் சுற்றி மணல் ஏறி ஒரு மேடாகிவிட்டது. பத்து மாதமாக அதற்குப் பக்கத்திலேயே எல்லாரும் படகு ஓட்டிப் போயிருக்கிறார்கள், கடலில் தேடியிருக்கிறார்கள். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

அன்று மத்தியானம் போலீஸ் வந்தது, நாலு ஊர் ஆட்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். நான் ஷிஃப்டுக்குப் போகவில்லை. அடியில் வலைக்குள் சுற்றிக்கொண்டு எல்லப்பன் இருந்தார். இருந்தார் என்று சொல்வது தப்பு, எலும்பும் ஒரு வெள்ளி அரைஞாணும் இருந்தது. வலை எஞ்சினில் சிக்கி, அதை எடுக்கக் குனிந்தவரை வெள்ளம் படகோடு புரட்டியிருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாகம்மா அரைஞாணைக் கையில் வாங்கி, கொக்கி இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்தார். கொக்கி உடைந்து செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. "நான் கட்டனதுதான்" என்றார். அழவில்லை. அழுதது மூர்த்தி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நைனாவும் நானும் போனோம். பந்தல் ஓரமாக நாகம்மா உட்கார்ந்திருந்தார். பொட்டு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, வேறு ஒரு அம்மா மாதிரி இருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "மன்னிச்சிடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இன்னா பண்ணுவ தம்பி. தேடிக் குடுத்த, நல்லாரு." பிறகு மெதுவாகச் சொன்னார், "நீ வரலன்னா, இன்னிக்கும் நான் அவுருக்கு சோறு எடுத்து வெச்சிருப்பேன்."

அந்த வார்த்தை நன்றியா வேறா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நைனா பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால், இதை யாரிடமாவது நானே ஒரு விதமாக விளக்கியிருப்பேன். தண்ணீருக்கு அடியில் இருக்கிற மேடு குதிரைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, மற்றதெல்லாம் விடியற்காலை வெளிச்சத்தில் என் கண் செய்த வேலை என்று. செத்துப்போனவர் தன்னைக் கண்டுபிடிக்க வைத்தார், கண்டுபிடித்ததும் போய்விட்டார் என்று மூர்த்தி சொல்கிறான், ஊரும் அதைத்தான் சொல்கிறது, நாகம்மாவுக்கும் அதில் ஒரு நிம்மதி. நானும் அப்படியே நினைத்துக்கொண்டு டிசம்பர் போட்டிக்குப் போனேன்.

பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் போட்டி. முதல் சுற்று சுமாராக முடிந்தது. இரண்டாவது சுற்றுக்கு முன்னால் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். தண்ணீர்த் தடையில் நானே ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கி நடந்தேன். அடியில் ஜல்லி போட்டுக் கெட்டித்த குட்டை, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை ஒரே மட்டம், என் கெண்டைக்காலில் பாதிக்குக்கூட தண்ணீர் வரவில்லை. நான் மட்டும் இல்லை, அன்றைக்கு ஓட்டிய எல்லாரும் அதில் இறங்கி நடந்தார்கள்.

சாமந்தி அன்றைக்கு ஓடிய மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. கட்டைகளைத் தாண்டி இறக்கத்தில் இறங்கி, குட்டை தெரிந்ததும் நான் மூச்சைப் பிடித்தேன், அது ஓட்டத்தைக் குறைத்து, தலையைத் தாழ்த்தி, நேராகத் தண்ணீருக்குள் போய், நடுவில் ஒரு நொடி தயங்கி, அந்தப் பக்கம் ஏறியது. நான் முன்னால் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக எனக்கு எதுவும் தெரியவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

பலகையில் முடிவு போட்டபோது என் பெயருக்கு நேராக வெளியேற்றம் என்று இருந்தது. காரணம், வெளியாள் உதவி. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நேராகத் தண்ணீர்த் தடையின் நடுவரிடம் போனேன். ஓய்வுபெற்ற டீச்சர், வேலூர்க்காரர், கண்ணாடி போட்டுக்கொண்டு குட்டை ஓரத்திலேயே கறாராக உட்கார்ந்திருந்தார். கையில் அவர் எழுதிய தாள் இருந்தது, என் எண்ணும் நேரமும் சரியாக இருந்தது.

"ரூல் தெரியும்ல சார், ஓடிட்டிருக்கும்போது வெளி ஆள் யாரும் குதிரையைத் தொடக்கூடாது" என்றார்.

"யார் மேடம் தொட்டாங்க?"

"உங்க ஆள்தான். கடிவாளத்தைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனாரே. சட்டை போடாம. நான் எழுந்து நின்னு தண்ணியை விட்டு வெளிய வாங்கன்னு சொன்னேன், அவர் திரும்பிக்கூடப் பாக்கலை."

எங்கே நின்றார் என்று கேட்டேன். குட்டையின் நடுவைக் காட்டினார். அடுத்ததையும் கேட்டேன், எவ்வளவு தண்ணீரில் நின்றார் என்று.

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, பேனா பிடித்த கையைத் தன் இடுப்பில் வைத்து, "இவ்ளோ" என்றார். சொன்ன பிறகு, குனிந்து அந்தக் குட்டையைப் பார்த்தார்.